இடது கட்டைவிரலின் வேலை: ஆர்.சி. ஹெலிகாப்டர் கேள்வி–பதில்

ரிமோட் ஹெலிகாப்டரைத் தலைகீழாக நிறுத்துவது, சுழற்றிக்கொண்டே புரட்டுவது என்று 3டி பறத்தல் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். பதில்கள் எல்லாமே மோடு 2 டிரான்ஸ்மிட்டருக்கு உரியவை: இடது ஸ்டிக்கில் கலெக்டிவும் (பிளேடுகளின் கோணம், அதாவது ஏற்ற இறக்கம்) ரட்டரும் (மூக்கை இடவலமாகத் திருப்புவது), வலது ஸ்டிக்கில் எலிவேட்டரும் (முன்பின் சாய்வு) எய்லரானும் (பக்கவாட்டுச் சாய்வு). மோடு 1 வைத்திருப்பவர்கள் கலெக்டிவையும் எலிவேட்டரையும் கை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

கேள்வி: நான்கு சேனல் சிறிய ஹெலிகாப்டரைத் தடுமாறாமல் ஓட்டுகிறேன். அதிலேயே ஃப்ளிப் அடித்துப் பழகலாமா?

பதில்: முடியாது. அது ஃபிக்ஸட் பிட்ச் வகை. பிளேடின் கோணம் மாறவே மாறாது. மோட்டார் வேகம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். கவிழ்ந்துவிட்டால் அதே பிளேடு அதைத் தரையை நோக்கித் தள்ளும். நான்கு ரோட்டார் டிரோன் மட்டும் எப்படிப் புரள்கிறது என்று கேட்பீர்கள். அது முதலில் மேலே எழும்பி, அந்த வேகம் தீர்வதற்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. தலைகீழாக நிற்கச் சொன்னால் நிற்காது.

3டிக்குக் கலெக்டிவ் பிட்ச் வேண்டும். ரோட்டார் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, இரண்டு பிளேடுகளும் ஒன்றாகச் சேர்ந்து +12 டிகிரியிலிருந்து −12 டிகிரி வரை திரும்பும். பிளேடின் குறுக்குவெட்டும் மேலே கீழே ஒரே வளைவாக இருக்கும். அதனால் நிமிர்ந்து நிற்பதும் கவிழ்ந்து நிற்பதும் அதற்கு ஒன்றுதான். மோட்டார் வேகத்தை மாற்றி இதைச் செய்யப் பார்த்தால் நேரம் பிடிக்கும். சர்வோ என்ற சிறு இயக்கி பிளேடைத் திருப்புவதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும்.

கேள்வி: எந்த அளவில் தொடங்குவது? சிறியது விழுந்தால் செலவு குறைவு என்கிறார்கள். பெரியதுதான் பழக எளிது என்றும் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. 450 வகைக்கு 325 மி.மீ. பிளேடு, ஏறக்குறைய முக்கால் கிலோ எடை, ஹெட் ஸ்பீடு (மெயின் ரோட்டார் சுழலும் வேகம்) 2800 முதல் 3000 ஆர்பிஎம். 500 வகைக்கு 425 மி.மீ., 2400–2600. 700 வகைக்கு 690–700 மி.மீ., எடை 5 கிலோவை ஒட்டி வரும், 1900–2200. பெரிய ரோட்டாருக்கு நிலைமம் அதிகம். காற்று அடித்தாலும் அலையாது, தூரத்தில் போனாலும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். 450 முப்பது மீட்டர் தள்ளிப் போனதும் கரும்புள்ளி ஆகிவிடும். அது நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்த நொடியில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன.

எங்கள் பரிந்துரை நடுவில் இருக்கிறது: 380 முதல் 425 மி.மீ. பிளேடு, 6 செல் பேட்டரி. 700-ஐ முதல் இயந்திரமாக வாங்க வேண்டாம். அது பறக்க எளிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தவறு செய்தால் ஆளுக்கே ஆபத்து. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

கேள்வி: நிமிர்ந்து பறக்கும்போது ராக்கெட் மாதிரி ஏறுகிறது. கவிழ்த்தால் முழு நெகட்டிவ் கொடுத்தும் மெதுவாக அமிழ்கிறது. மோட்டாரில் பலம் போதவில்லையா?

பதில்: ஒரே மோட்டார், ஒரே வேகம். ஒரு பக்கம் பலம் இருந்து மறுபக்கம் இல்லாமல் போகாது. உங்கள் பிட்ச் வரம்பு நடுவில் இல்லை. ஒருவேளை பாசிட்டிவ் மிக அதிகமாகவும், நெகட்டிவ் கவிழ்ந்து நிற்கத் தேவையானதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். 3டி செட்டப்பின் ஆதாரமே பூஜ்யம் சரியாக ஸ்டிக்கின் நடுவில் இருப்பதுதான். அங்கே தவறினால் விரல் எவ்வளவு பழகினாலும் பயன் இல்லை. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள், இடையில் எதையும் தாண்ட வேண்டாம்.

முதலில் மோட்டாரின் மூன்று ஒயர்களில் இரண்டைக் கழற்றுங்கள். டிரான்ஸ்மிட்டரில் டிரிம், சப்-டிரிம் எல்லாம் பூஜ்யம். பிட்ச் கர்வ் ஒரே நேர்க்கோடு. கலெக்டிவ் ஸ்டிக்கைச் சரியாக நடுவில் வையுங்கள். கண்ணளவு போதாது, டிரான்ஸ்மிட்டர் திரையில் பூஜ்யம் காட்ட வேண்டும். ஃப்ளைபார்லெஸ் யூனிட்டின் (கைரோ உள்ள நிலைப்படுத்தும் கருவி) செட்டப் மெனுவுக்குள் போய், ஸ்வாஷை (பிளேடுகளின் கோணத்தை மாற்றும், சாயக்கூடிய வளையம்) நகர்த்தும் மூன்று சர்வோக்களின் கைகளும் லிங்கோடு 90 டிகிரியில் நிற்கிறதா பாருங்கள். நிற்காவிட்டால் முதலில் கையைக் கழற்றி வேறு பல்லில் மாட்டிப் பாருங்கள். மீதமுள்ள சிறு வித்தியாசத்துக்கு மட்டும் யூனிட்டின் டிரிம்.

அடுத்தது ஸ்வாஷ்பிளேட் சமன். மெயின் ஷாஃப்டில் நுழையும் லெவலிங் கருவியை வைத்து, லிங்க் நீளத்தை மாற்றிச் சமன் செய்யுங்கள். பிறகு பிளேடில் பிட்ச் கேஜ். நடு ஸ்டிக்கில் பூஜ்யம் வராவிட்டால் ஸ்வாஷிலிருந்து பிளேடு கிரிப்புக்குப் போகும் இரண்டு லிங்குகளையும் ஒரே அளவு திருகுங்கள். ஒன்றை மட்டும் திருகினால் பிளேடு டிராக்கிங் (இரு பிளேடும் ஒரே மட்டத்தில் சுற்றுவது) கெட்டுவிடும். இப்போது ஸ்டிக்கை மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் கொண்டுபோய் +12, −12 வரும்படி யூனிட்டில் கலெக்டிவ் அளவை வையுங்கள். இரண்டுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

சைக்ளிக்குக்கு (எலிவேட்டரும் எய்லரானும் சேர்ந்த சாய்வுக் கட்டுப்பாடு) கலெக்டிவ் பூஜ்யத்தில் இருக்க, பிளேடை டெயில் பூமுக்கு (வால் குழாய்) இணையாக வைத்து எய்லரான் கொடுத்து அளக்க வேண்டும். சில யூனிட் 6 டிகிரி கேட்கும், சில 8 கேட்கும். இது அந்த யூனிட்டின் கணக்குக்கான அடிப்படை அளவு. வேகமாக உருள வேண்டும் என்பதற்காக இதைக் கூட்டாதீர்கள். உருளும் வேகத்துக்கு வேறு அமைப்பு இருக்கிறது. கடைசியில் முழுக் கலெக்டிவோடு முழு சைக்ளிக்கையும் எல்லாத் திசையிலும் கொடுத்து, எங்காவது லிங்க் இடிக்கிறதா, சர்வோ முனகுகிறதா என்று கேளுங்கள்.

ஒயரை மாட்டும் முன் ஒரு சோதனை பாக்கி. ஹெலிகாப்டரைக் கையில் தூக்கி மூக்கைக் கீழே சாய்த்தால் ஸ்வாஷ் பின்பக்கம் சாய வேண்டும். கூடவே சாய்ந்தால் கைரோ திசை தலைகீழ். அப்படியே எழும்ப விட்டால் இரண்டே நொடியில் புரண்டு விழும்.

கேள்வி: தலைகீழாக ஹோவர் செய்துகொண்டிருந்தேன் (ஒரே இடத்தில் நிறுத்துவது). பயத்தில் ஐடில்-அப் (ஸ்டிக் கீழே போனாலும் மோட்டாரை ஓடவைக்கும் மோடு) சுவிட்சை நார்மலுக்குத் தள்ளிவிட்டேன். மோட்டார் நின்று நேராக விழுந்தது. ஏன்?

பதில்: நார்மல் மோடில் த்ராட்டில் கர்வ் (ஸ்டிக் நிலைக்கேற்ற மோட்டார் பலம்) கீழே பூஜ்யத்தில் தொடங்குகிறது. கவிழ்ந்து நிற்கும்போது உங்கள் ஸ்டிக் நடுவுக்குக் கீழே இருந்தது. நார்மலுக்குத் தள்ளியதும் அந்த இடத்துக்குரிய குறைந்த த்ராட்டில் போயிற்று. பறக்கத் தொடங்கியதும் ஐடில்-அப், தரையில் இறங்கும் வரை அதிலேயே இருக்க வேண்டும். கவர்னர் (ரோட்டார் வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் அமைப்பு) இருந்தால் ஐடில்-அப் கர்வ் ஒரே சமக்கோடு, உதாரணத்துக்கு மூன்று இடத்திலும் 80. கவர்னர் இல்லாவிட்டால் 100–85–100 போல வி வடிவம்.

அவசரத்துக்குத் தொட வேண்டிய சுவிட்ச், மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு ஒன்றுதான். அதைப் பார்க்காமலே விரல் எட்டும் இடத்தில், வேறு எந்தச் சுவிட்சும் ஒட்டாமல் வையுங்கள். ஹோல்டின் பிட்ச் கர்வும் ஐடில்-அப்பின் பிட்ச் கர்வும் ஒன்றாகவே இருக்கட்டும். வேறாக இருந்தால் சுவிட்ச் போட்ட கணத்தில் பிளேடு குதிக்கும்.

கேள்வி: பின்பக்க ஃப்ளிப் அடிக்கிறேன். ஒவ்வொரு முறையும் வால் பக்கமாக, அதாவது என்னை நோக்கி வந்துவிடுகிறது. உயரமும் மூன்று, நான்கு மீட்டர் குறைந்துவிடுகிறது. எலிவேட்டரை இன்னும் வேகமாக இழுக்க வேண்டுமா?

பதில்: எலிவேட்டரை விட்டுவிடுங்கள். வலது கை சரியாகத்தான் செய்கிறது. இடது கட்டைவிரல் தாமதமாக வருகிறது.

ஒரு ஃப்ளிப்பை நான்கு கால்வட்டமாகப் பிரித்துப் பாருங்கள். ஹோவரில் பிட்ச் ஏறக்குறைய +5. மூக்கு நேர் மேலே பார்க்கும்போது ரோட்டார் தட்டு (பிளேடுகள் சுழலும் வட்டம்) செங்குத்தாக நிற்கிறது. அங்கே எந்தப் பிட்ச் கொடுத்தாலும் அது பக்கவாட்டுத் தள்ளுதான், தூக்காது. ஆகவே அங்கே பூஜ்யம். முழுக்கக் கவிழ்ந்ததும் −5. மூக்கு நேர் கீழே பார்க்கும்போது மறுபடி பூஜ்யம். நிமிர்ந்ததும் +5.

இப்போது தாமதத்தின் கணக்கைப் பாருங்கள். மூக்கு மேலே நிற்கும் இடத்தில் தட்டின் மேல்பக்கம் உங்களைப் பார்க்கிறது. அங்கே பாசிட்டிவ் மிச்சம் இருந்தால் ஹெலிகாப்டர் உங்களை நோக்கித் தள்ளப்படும். மூக்கு கீழே நிற்கும் இடத்தில் தட்டின் அடிப்பக்கம் உங்களைப் பார்க்கிறது. அங்கே நெகட்டிவ் மிச்சம் இருந்தால் அதுவும் உங்களை நோக்கியே தள்ளும். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டாமல் கூடிக்கொண்டே போகும். உங்களுக்கு நடப்பது இதுதான். எதிராக, ஃப்ளிப் முன்பக்கம் ஓடுகிறது என்றால் கலெக்டிவ் முந்திக்கொள்கிறது என்று பொருள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் வெளியிலிருந்து பார்த்தே யாருடைய விரல் முந்துகிறது, யாருடையது பிந்துகிறது என்று சொல்லிவிடலாம்.

உயரம் குறைவதற்குக் காரணம் கவிழ்ந்த நிலையில் நெகட்டிவ் போதாமை. செங்குத்தாக இருக்கும் நேரத்தில் தூக்கும் விசையே இல்லை. அங்கே இழந்ததை ஈடுகட்ட, கவிழ்ந்ததும் ஹோவருக்குத் தேவையான −5-ஐவிடக் கூடுதலாக, −7 அல்லது −8 வரை கொடுக்க வேண்டியிருக்கும்.

பயிற்சி இப்படி இருக்கட்டும். 20 மீட்டர் உயரத்துக்குப் போய், லேசாக ஏறும் வேகத்தோடு அரை ஃப்ளிப் மட்டும் அடியுங்கள். தலைகீழாக இரண்டு நொடி நிறுத்துங்கள். மறுபடி அரை. நிறுத்த முடிகிற வரை முழு ஃப்ளிப்புக்குப் போக வேண்டாம். வேகமாக அடிக்கப்படும் ஃப்ளிப் கலெக்டிவ் தவறை மறைத்துவிடும். மெதுவான ஃப்ளிப்தான் காட்டிக்கொடுக்கும். ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் நான்கு நொடிக்கு ஒன்று என்று உருட்டக்கூடியவர் மற்றதைத் தானாகவே கற்றுக்கொள்வார்.

கேள்வி: கவிழ்ந்து நின்றால் எல்லா ஸ்டிக்கும் தலைகீழாக வேலை செய்யும் என்கிறார்கள். ஆனால் சிமுலேட்டரில் சில நேரம் எய்லரான் சரியாக இருக்கிறது, சில நேரம் மாறுகிறது. குழப்பமாக இருக்கிறது.

பதில்: எல்லாம் மாறும் என்பது தவறான பாடம். வால் உங்கள் பக்கம் இருக்கக் கவிழ்ந்தால் எய்லரான் மாறுவதில்லை: வலதுக்குக் கொடுத்தால் வலதுக்குத்தான் போகும். எலிவேட்டர் மாறும்: முன்னால் தள்ளினால் உங்களை நோக்கி வரும். ரட்டரும் மாறும்: வலது கொடுத்தால் மூக்கு உங்கள் இடதுக்குப் போகும்.

மூக்கு உங்கள் பக்கம் இருக்கக் கவிழ்ந்தால் கதை வேறு. முன்னால் தள்ளினால் விலகிப் போகும். ரட்டர் வலது கொடுத்தால் மூக்கும் உங்கள் வலதுக்கே வரும். எய்லரான்தான் எதிராகப் போகும். கலெக்டிவ் எல்லா நிலையிலும் மாறும், அதில் விலக்கு இல்லை.

ஆகவே ஃப்ளிப் வழியாகக் கவிழ்ந்தால் ஒரு பாடம், ரோல் (பக்கவாட்டில் உருளல்) வழியாகக் கவிழ்ந்தால் இன்னொரு பாடம். வால் உங்கள் பக்கம் இருக்கும்போது அரை ஃப்ளிப் அடித்தால் மூக்கு உங்களைப் பார்க்கும். அரை ரோல் அடித்தால் வால் உங்களைப் பார்த்தபடியே இருக்கும். சிமுலேட்டரில் இரண்டையும் தனித்தனியாகப் பழகி, பிறகு இரு பக்கவாட்டு நிலைகளும், அவற்றுக்கு இடைப்பட்ட மூலைகளுமாகச் சேர்த்து எட்டுத் திசையிலும் அரை நிமிடம் நிற்க வேண்டும். ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட், எதுவானாலும் சரி. உங்கள் சொந்த டிரான்ஸ்மிட்டரையே அதில் இணையுங்கள்.

கேள்வி: டிக்-டாக் அடிக்கும்போது இரண்டு ஸ்டிக்கும் எந்தப் பக்கம் போக வேண்டும்?

பதில்: எலிவேட்டர் டிக்-டாக்கில் எப்போதும் எதிரெதிராக. மூக்கு 45 டிகிரி மேல்நோக்கி, தட்டு பாதி நிமிர்ந்த நிலை: கலெக்டிவ் மேலே, எலிவேட்டர் உங்களை நோக்கி. மூக்கு செங்குத்தைத் தாண்டிப் பாதி கவிழ்ந்த நிலை: கலெக்டிவ் கீழே, எலிவேட்டர் முன்னால். செங்குத்தைக் கடக்கும் கணத்தில் கலெக்டிவ் பூஜ்யம். கடிகாரத்தின் ஊசல் தலைகீழாக நின்றால் எப்படி ஆடுமோ அப்படி, வால் கீழே ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருக்க, தட்டு மட்டும் இருபுறமும் சாயும்.

மெதுவாகத் தொடங்குங்கள். முதலில் வரும் கோளாறு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இயந்திரம் ஏறிக்கொண்டே போவது. பயத்தில் கலெக்டிவை முழுக்கத் தள்ளுகிறீர்கள். 7, 8 டிகிரி போதும். ஒரு பக்கமாக நகர்ந்தால் அந்தத் திசையில் தள்ளும் அடியில் கலெக்டிவ் கூடுதலாக இருக்கிறது.

கேள்வி: பைரோ ஃப்ளிப்பில் (மூக்கைச் சுற்றிக்கொண்டே புரட்டுவது) சைக்ளிக் ஸ்டிக்கை எந்தத் திசையில் சுழற்ற வேண்டும்? கவிழ்ந்ததும் திசை மாறுமா?

பதில்: ரட்டருக்கு எதிர்த்திசையில். மேலிருந்து பார்க்க மூக்கு வலமாகச் சுற்றினால் ஸ்டிக் இடமாகச் சுற்ற வேண்டும். காரணம் எளிது. மூக்கு உங்களை விட்டு அப்பால் பார்க்கும்போது தட்டை அப்பால் சாய்க்க ஸ்டிக் முன்னால். மூக்கு வலதுக்குத் திரும்பிவிட்டால் அதே “அப்பால்” இப்போது ஹெலிகாப்டருக்கு இடப்பக்கம், ஸ்டிக் இடது. மூக்கு உங்களைப் பார்த்தால் அது பின்பக்கம், ஸ்டிக் பின்னால். முன், இடது, பின், வலது: ஒரு பைரோவுக்கு ஸ்டிக் ஒரு சுற்று.

கவிழ்ந்ததும் மாறாது. ரட்டரும் சைக்ளிக்கும் இயந்திரத்தின் உடலோடு ஒட்டியவை; அது நிமிர்ந்திருப்பதோ கவிழ்ந்திருப்பதோ அவற்றுக்குத் தெரியாது. மாறுவது கலெக்டிவ் மட்டும், அதுவும் ஃப்ளிப்பின் கணக்குப்படி, பைரோவின் கணக்குப்படி இல்லை. பெரும்பாலோர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்: பைரோ வேகமாகச் சுற்றுவதால் கலெக்டிவையும் வேகமாக ஆட்டிவிடுகிறார்கள். ஒரு ஃப்ளிப்புக்கு இரண்டு பைரோ என்று வைத்தால், ஸ்டிக் இரண்டு சுற்று சுற்றும் நேரத்தில் கலெக்டிவ் ஒருமுறைதான் கீழே போய் மேலே வரும்.

இதற்கு முன் யூனிட்டில் பைரோ காம்பென்சேஷன் திசை சரியா என்று பாருங்கள். மெனு உள்ளே ஸ்வாஷ் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, ஹெலிகாப்டரைக் கையால் மேசைமேல் திருப்புங்கள். ஸ்வாஷின் சாய்வு அறையின் அதே சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அதுவும் கூடவே சுற்றினால் அல்லது இரு மடங்கு வேகத்தில் ஓடினால் அமைப்பு தவறு. உங்கள் பைரோ ஃப்ளிப் எந்நாளும் நேராக வராது.

கேள்வி: 700 வகை, 12 செல். டிக்-டாக் நான்காவது, ஐந்தாவது அடியில் ஹெட் ஸ்பீடு விழுந்து, வாலும் பிடிவிட்டுச் சுற்றுகிறது. இஎஸ்சியை (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மாற்ற வேண்டுமா?

பதில்: செலவுக்கு முன் கணக்கு. 12 செல்லின் பெயரளவு வோல்டேஜ் 44.4. மோட்டார் 500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு 500 ஆர்பிஎம்) என்றால் 22,200 ஆர்பிஎம். பினியன் (மோட்டாரின் சிறு பல்சக்கரம்) 11 பல், மெயின் கியர் 112 பல் என்றால் விகிதம் 10.18, ரோட்டாருக்குக் கிடைப்பது 2180. சுமை ஏறும்போது 10 முதல் 15 சதவீதம் கழிந்து 1850–1960 வரைதான் மிஞ்சும். கவர்னரில் 2100 கேட்டிருந்தால் சும்மா ஹோவரில் கொடுக்கும், டிக்-டாக்கில் கொடுக்க முடியாது. தன்னிடம் மிச்சமே இல்லாதபோது எதைத் தரும்? கேட்பதை 1900-க்குக் குறையுங்கள். அல்லது 12 பல் பினியன் போடுங்கள். அப்போது மோட்டார், இஎஸ்சி வெப்பத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆனால் பல நேரம் கோளாறு கியரில் இல்லை. முழுக் கலெக்டிவும் முழு எலிவேட்டரும் ஒரே கணத்தில் கொடுத்தால் ஒரு பக்கப் பிளேடு 20 டிகிரியை நெருங்குகிறது. அங்கே பிளேடு காற்றை வெட்டுவதை விட்டு, பிரேக் போல இழுக்கும். கலெக்டிவ் எல்லையை 12-லிருந்து 11-க்குக் குறைத்துப் பாருங்கள். ஏறும் வேகம் குறைந்ததாகவே தெரியாது, ஹெட் ஸ்பீடு நிற்கும்.

வால் பிடிவிடுவது பெரும்பாலும் இதன் தொடர்ச்சிதான். வால் ரோட்டார் மெயின் ரோட்டாரோடு பல்லால் பிணைக்கப்பட்டது. அது விழுந்தால் இதுவும் விழும். ஹெட் ஸ்பீடு சரியாக இருந்தும் வால் விடுகிறது என்றால், வால் பிட்ச் ஸ்லைடர் முழு எல்லைக்குப் போகிறதா, யூனிட்டில் வரம்பு குறுக்கப்பட்டிருக்கிறதா, வால் பிளேடு சிறியதா என்று வரிசையாகப் பாருங்கள். 95 மி.மீ. போட்டிருந்தால் 105-க்கு மாறலாம். கெயினை (கைரோவின் உணர்திறன்) கூட்டுவது கடைசி வழி. அதிகமானால் வால் வேகமாக நடுங்கத் தொடங்கும்.

கேள்வி: டெயில் பூமைப் பிளேடு வெட்டிவிட்டது. எதிலும் மோதவில்லை!

பதில்: டாம்பரைக் கழற்றிப் பாருங்கள். ரோட்டார் ஹெட்டுக்குள் ஃபெதரிங் ஷாஃப்டை (இரு பிளேடு கிரிப்புகளையும் இணைக்கும் தண்டு) தாங்கும் ரப்பர் தேய்ந்து நைந்திருக்கும். 3டிக்குக் கடினமான டாம்பர் வேண்டும். மிருதுவானதோடு குறைந்த ஹெட் ஸ்பீடும் சேர்ந்து, வேகமாகக் கீழே வரும்போது சட்டென்று எலிவேட்டரை இழுத்தால் தட்டு வளைந்து பூமைத் தொடும்.

கேள்வி: 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு டைமர் எத்தனை நிமிடம் வைப்பது? ஓரிரு மாதத்தில் உப்பிவிடுகிறது.

பதில்: நிமிடத்தை யாரும் சொல்ல முடியாது, உங்கள் விரல்தான் சொல்லும். முதல் முறை மூன்று நிமிடம் வைத்துப் பறந்து இறக்குங்கள். சார்ஜர் எத்தனை எம்ஏஎச் திருப்பி ஏற்றியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 4000-ஐத் தாண்டக் கூடாது. 3000 ஏறியிருந்தால் நான்கு நிமிடம் வைக்கலாம். நான்கு நிமிடத்தில் 4000 என்றால் சராசரியே 60 ஆம்பியர். உச்சத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் போகும். இறங்கிச் சற்று ஆறிய பிறகு செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் டைமரைக் குறையுங்கள்.

உப்புவதற்கு இன்னொரு காரணம், முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைத்திருப்பது. அன்றே பறக்காவிட்டால் செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வையுங்கள். சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள்.

கேள்வி: ரெஸ்க்யூ பட்டன் உள்ள யூனிட் வாங்கினால் விபத்தே வராதா?

பதில்: உயரம் இருந்தால் வராது எனலாம். அழுத்தியதும் நிமிர்த்திவிட்டு, நீங்கள் வைத்த அளவு கலெக்டிவோடு ஏற்றும். நிமிர நேரம் வேண்டும், அதற்குள் சில மீட்டர் கீழே வந்துவிடும். தரையை ஒட்டிக் கவிழ்ந்த நிலையில், நெகட்டிவ் கொடுத்து ஏறுவதைவிட ரெஸ்க்யூ தாமதமாகவே வேலை செய்யும். சில யூனிட்டில் நிமிர்த்தாமல், கவிழ்ந்த நிலையிலேயே மேலே தூக்கும் அமைப்பும் உண்டு. 3டிக்கு அதுவே நல்லது. அதிர்வு அதிகமுள்ள இயந்திரத்தில் கைரோ கணக்கு தவறி, ரெஸ்க்யூவே கோணலாக நிமிர்த்தும். மேலே 30 மீட்டரில், நிமிர்ந்த நிலையில் முதல் சோதனை செய்யுங்கள்.

ஒரு பின்குறிப்பு: பட்டனைப் பிடித்தபடி விரல் இருந்தால் கலெக்டிவ் பழகாது.

கேள்வி: விழுந்த பிறகு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எதையெல்லாம் மாற்றியே ஆக வேண்டும்?

பதில்: பிளேடு தரையைத் தொட்டிருந்தால் ஃபெதரிங் ஷாஃப்டையும் அதன் இரு முனை போல்ட்டுகளையும் பார்க்காமலே மாற்றுங்கள். 700 வகையில் ஒரு பிளேடு 190 கிராம், 2000 ஆர்பிஎம்மில் அது கிரிப்பை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 350 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்குவது அந்த இரண்டு போல்ட்தான். புதிய போல்ட்டையும் துளையையும் ஆல்கஹாலால் துடைத்து, நீல நிறத் திரெட்லாக் ஒரு சொட்டு. உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் அது விரிசல் விடும்.

கிரிப்புக்குள் த்ரஸ்ட் பேரிங்கின் இரண்டு வளையங்களும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. துளை பெரியது ஹெட்டின் நடுப்பக்கம், துளை சிறியது வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் பேரிங் கடித்துக்கொள்ளும், சர்வோக்கள் சூடாகும், சைக்ளிக் மந்தமாகும். காரணம் தெரியாமல் யூனிட்டைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மெயின் ஷாஃப்டைச் சமமான கண்ணாடித் துண்டின்மேல் உருட்டிப் பாருங்கள். சர்வோ ஒவ்வொன்றையும் கையால் மெதுவாக நகர்த்தி, பல் தட்டுகிறதா என்று உணருங்கள். மெயின் கியரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பினியனோடு உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். கார்பன் பிளேடில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம். புதிய பிளேடு போட்டதும் போல்ட்டை இறுக்கும் அளவு: ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் பிடித்தால் பிளேடு தொங்கிவிடக் கூடாது, லேசாகக் குலுக்கினால் மடங்க வேண்டும்.

கேள்வி: எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? படங்களில் தலைக்குப் பக்கத்திலேயே அடிக்கிறார்களே?

பதில்: 700-இன் பிளேடு நுனி மணிக்கு 600 கி.மீ. வேகத்தை ஒட்டி ஓடுகிறது. 2013-இல் நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில், அனுபவமுள்ள ஒரு பைலட் தன் ஹெலிகாப்டர் தாக்கியே இறந்தார். பக்கத்தில் அடித்துக் காட்டுவது திறமைக்கு அளவுகோல் என்று நாங்கள் கருதவில்லை. சிறியதற்கு 10 மீட்டர், 700-க்கு 15 முதல் 20. பார்வையாளர்கள் உங்களுக்குப் பின்னால், இன்னும் தள்ளி. பயிற்சியின்போது இயந்திரம் உங்களை நோக்கி வரும் பாதையே இல்லாதபடி, எல்லா அசைவையும் உங்களுக்குக் குறுக்காக இடவலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மோட்டார் நின்றால் ஆட்டோரொட்டேஷனில் இறக்கலாம் என்கிறார்கள். 3டி பிளேடில் அது நடக்குமா?

பதில்: நன்றாகவே நடக்கும், பெரிய இயந்திரத்தில் இன்னும் எளிது. ஹோல்டு போட்டதும் பிட்ச் −3 அளவுக்குக் கீழே, மூக்கைச் சற்றுத் தாழ்த்தி முன்வேகம். கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுற்றும். ஒன்-வே பேரிங் மோட்டாரைக் கழற்றிவிட்டிருக்கும். நான்கைந்து மீட்டர் உயரத்தில் எலிவேட்டரை இழுத்து முன்வேகத்தைக் கொல்லுங்கள், அப்போது ரோட்டார் வேகம் கூடும். சமன் செய்து, கடைசி ஒரு மீட்டரில்தான் பாசிட்டிவ். அந்தப் பாசிட்டிவ் ஒருமுறைதான் கிடைக்கும். உயரத்திலேயே பயந்து கொடுத்துவிட்டால் ரோட்டார் ஓய்ந்து, கீழே வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

கேள்வி: இதற்கு உலக அளவில் போட்டி உண்டா?

பதில்: உண்டு. சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐ-யின் எஃப்3என் பிரிவு இதற்கானது. குறிப்பிட்ட அசைவுகளைத் தேர்ந்து காட்டும் சுற்று, ஃப்ரீஸ்டைல், இசைக்கு ஏற்ற ஃப்ரீஸ்டைல் என்று நடக்கும். துல்லியமான ஹோவரும் வட்டங்களும் கேட்கும் பழைய பிரிவு எஃப்3சி. 3டியின் முன்னோடியாகப் பேசப்படும் அமெரிக்கர் கர்ட்டிஸ் யங்பிளட் எஃப்3சியிலும் முன்னணியில் இருந்தவர்தான்.